சரஸ்வதி ஊசியை மறைக்கவில்லை

நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். செக்கிங் பிரிவில் இப்போது இருக்கும் பெண்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்து, பழைய அனுபவங்களை இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இப்போதெல்லாம் ஊசி உடைந்தால் நோட்டில் ஒட்டுவதில்லை, டேப்லெட்டில் படம் பிடித்து ஏற்றிவிடுகிறோம், உங்கள் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதினால் எங்களுக்கும் தெரியும் என்றார்கள். நல்லபடியாக நாலு வார்த்தை போதும் என்றும் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் நல்லபடியாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஆத்திரம்தான் இருக்கிறது, அதில் சரிபாதி என் மேலேயே இருக்கிறது. மலரில் போடுவதும் போடாததும் கம்பெனியின் இஷ்டம்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணமாகி மறு வருடமே வீட்டுக்காரரும் நானும் இரண்டு பெட்டிகளோடு திருப்பூரில் வந்து இறங்கினோம். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து அடுக்கிக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்தேன். பிறகு செக்கிங், பிறகு சூப்பர்வைசர், கடைசியில் அருள்புரத்தில் குழந்தைகள் உடுப்பு மட்டும் தைக்கும் ஒரு யூனிட்டில் செக்கிங் இன்சார்ஜ். இதற்குள் இருபத்தெட்டு வருடங்கள் ஓடிவிட்டன. அதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை, எல்லோரும் பட்ட பாடுதான் நானும் பட்டேன்.

ஊசி சமாசாரத்தை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். கைக்குழந்தை போடும் உடுப்பில் ஒரு ஊசி முனை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால் குழந்தைத் துணி தைக்கும் எந்தக் கம்பெனியிலும் ஊசிக்கு ஒரு சட்டம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்து கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் காந்தக் கட்டையோடு போய் மெஷின் மேல், கீழ், டெய்லரின் மடி, சேலை மடிப்பு என்று எல்லா இடத்திலும் தேடி, உடைந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய துண்டுகளை ஊசி நோட்டில், முழு ஊசியின் வடிவம் வரும்படி ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்து, மேலே செல்லோ டேப் ஒட்ட வேண்டும். பக்கத்தில் தேதி, எந்தத் தையல் வரிசை என்கிற லைன், மெஷின் நம்பர், டெய்லர் பெயர், இரண்டு கையெழுத்து. அதன்பிறகுதான் புது ஊசி. முனையில் அரிசி அளவு துண்டு குறைந்தாலும் நோட்டில் ஒட்டக் கூடாது. அந்த மெஷினைச் சுற்றியுள்ள அத்தனை பீஸையும் சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டி, ஒவ்வொன்றாக, இரும்புத் துண்டைக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டர் மெஷினில் விட்டுப் பார்க்க வேண்டும். துண்டு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதும் போச்சு. இந்த நோட்டு ஒரு சாட்சி நோட்டு. வாங்குகிற வெளிநாட்டுக்காரர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.

எங்கள் குவாலிட்டி மேனேஜர் தானியேல் சார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், எங்கள் சபையின் செயலாளரும் கூட. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நம் பின்னால் வந்து ஒரு வார்த்தை பேசாமல் நிற்பார். திரும்பிப் பார்த்தால் சிரிப்பார். ஒரு நோட்டை வாங்குவதற்கு முன்னால் மேசையைப் புறங்கையால் இரண்டு முறை துடைப்பார். பேனாவின் மூடியைத் திறந்து, அதைப் பின்பக்கம் மாட்டி, பிறகுதான் படிப்பார். தவறு கண்டுபிடித்தால் "இது கர்த்தருக்குப் பிரியமா இருக்குமா எஸ்தர்?" என்று கேட்பார். திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தந்தவர் அவர்தான். அவரை நான் ஒரு பரிசுத்தவானாகவே நினைத்திருந்தேன்.

சரஸ்வதி சாமளாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் டெய்லர். கழுத்துப் பட்டி வைப்பதில் லைனிலேயே அவள் கைதான் கை. வாயைத் திறந்தால் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை வராது. கைமடிப் பெண்ணைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு மணிக்கு முன்னால், அவள் கையைத் தூக்கினாள். ஊசி உடைந்துவிட்டது. நான் காந்தக் கட்டையோடு போனேன். இரண்டு துண்டுகள் கிடைத்தன. முனை கிடைக்கவில்லை. அவளே தரையில் மண்டியிட்டு என்னோடு தேடினாள். அவள் சேலையை உதறினோம், மெஷின் அடித்தட்டைக் கழற்றினோம். இல்லை.

அன்று மாலை கண்டெய்னர் கிளம்ப வேண்டும். டிடெக்டர் மெஷின் அந்த வாரம் ரிப்பேர். கையில் பிடித்துத் தடவும் சின்ன டிடெக்டர்தான் இருந்தது, அதில் அத்தனை பீஸையும் பார்க்க நேரம் போதாது. அந்தக் கட்டுத் துணியை நிறுத்தி வைத்தால் மொத்த ஷிப்மென்டும் நிற்கும். தானியேல் சார் வந்தார். மேசையைப் புறங்கையால் துடைத்தார். ஆடிட் முடிந்து ஓரமாக வைத்திருந்த பழைய நோட்டு ஒன்றைத் திருப்பி, அங்கே ஒட்டியிருந்த வேறொரு ஊசியின் முனையை நகத்தால் பெயர்த்து எடுத்தார். அதைச் சரஸ்வதியின் இரண்டு துண்டுகளோடு சேர்த்து வைத்து, டேப்பை ஒட்டி, விரலால் அழுத்தித் தடவினார். பார்ப்பதற்கு முழு ஊசி. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒருவேளை மறுத்திருப்பேன். நான் கையெழுத்துப் போட்டேன். மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்த சரஸ்வதியிடம், கிடைத்துவிட்டது, எழுந்திரு என்றேன். அவள், "அப்பாடா, சாமி காப்பாத்துச்சுங்க" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து வாங்கியவர்களிடமிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய கிடங்கில் டிடெக்டரில் விட்டபோது ஒரு உடுப்பின் கழுத்துப் பட்டிக்குள் ஊசி முனை அகப்பட்டதாம். எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுவரைக்கும் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. உங்கள் நோட்டில் எல்லா ஊசியும் முழுசாக இருக்கிறதே, இந்த முனை எங்கிருந்து வந்தது?

தானியேல் சாரிடம் பதில் தயாராக இருந்தது. டெய்லர் இன்னொரு ஊசியை உடைத்துவிட்டு, சொன்னால் திட்டு விழும் என்று மறைத்து, வெளியில் வாங்கி வைத்திருந்த ஊசியை மாட்டித் தைத்திருக்கிறாள் என்று எழுதினார். அப்படிச் செய்கிற டெய்லர்கள் உண்டு என்பதால் எல்லோரும் நம்பினார்கள். முதலாளி நம்பினார், வாங்கியவர்கள் நம்பினார்கள். நான் மட்டும் நம்பவில்லை, எனக்குத்தான் உண்மை தெரியுமே. லைன் முழுவதையும் நிறுத்தி, சரஸ்வதியை நடுவில் நிற்க வைத்து, குழந்தையின் உயிரோடு விளையாடியவள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "எஸ்தரக்கா, நீங்கதானுங்களே கூட இருந்து தேடுனீங்க, சொல்லுங்க" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதோடு போகவில்லை. மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள் என்று வாங்கியவர்கள் கேட்டதற்கு, பயிற்சி வகுப்பு நடத்துவோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சுவரில் படம் காட்டி ஊசிச் சட்டத்தைச் சொல்லித் தர வேண்டும். அந்தப் படங்களில் நான்காவது படம் சரஸ்வதியின் படம். அடையாள அட்டைக்காக எடுத்தது. முகத்தை மறைக்கக்கூட இல்லை. கீழே அவள் பெயரும், ஊசியை மறைத்ததால் நீக்கப்பட்டவர் என்ற வரியும். வகுப்பு எடுத்தது யார் தெரியுமா? நான். பதினோரு வருடம் நான் எடுத்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலும், பீகார் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியிலும், "இந்தப் பெண் ஊசியை மறைத்தாள்" என்று சொல்லிக் கொடுத்தேன். பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனி விட்டு இன்னொரு கம்பெனிக்கு ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். படமும் கதையும் அவர்களோடு போயின. சரஸ்வதிக்கு எந்தப் பனியன் கம்பெனியிலும் மெஷின் கொடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஞாயிறுதோறும் நான் ஆலயத்துக்குப் போனேன். எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னேன், பாவ மன்னிப்பின் வார்த்தையைக் கேட்டேன், முன்னால் போய் அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுத்தேன். அறிக்கையில் பொதுவாகச் சொன்னால் போதும், இன்ன நாள் இன்ன பக்கத்தில் இன்ன கையெழுத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. இந்த வருடம் தவக்காலமான லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை காலை உபவாச ஜெபம். தேவன் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல தானியேல் சார் எழுந்தார். அவரும் இப்போது ஓய்வு பெற்றவர், தலை முழுவதும் நரைத்துவிட்டது. வேலை பார்த்த இடத்தில் தான் ஒரு பொய் எழுதியதாகச் சொன்னார். அதனால் ஒரு சகோதரிக்கு வேலை போனது என்று அரை வாக்கியத்தில் தொட்டுவிட்டு, அந்தப் பாரம் எத்தனை நாள் தன் தூக்கத்தைக் கெடுத்தது என்பதை நீளமாகச் சொன்னார். போன மாதம் ஜெபத்தில் உடைந்து அழுததாகவும், உன்னை மன்னித்தேன் என்று ஆண்டவர் தன் உள்ளத்தில் பேசியதாகவும், இப்போது பஞ்சு போல லேசாக இருப்பதாகவும் சொன்னார். சபை அல்லேலூயா சொன்னது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெபம் முடியும் முன்பே நான் எழுந்துவிட்டேன்.

வெளியே செருப்பு விடும் இடத்தில் அவரை மறித்தேன். "சார், சரசுகிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"எந்த சரசு?" என்றார்.

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் பெயர் நினைவில்லை. ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்துவிட்டு, அந்தப் பெயரையும் மறந்துவிட்டு, தேவனிடம் போய் அழுது மன்னிப்பு வாங்கி வந்திருக்கிறார். நான் ஞாபகப்படுத்தினேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு அதே மெல்லிய குரலில் சொன்னார்: "கர்த்தர் மன்னிச்சு மறந்துட்டாரு எஸ்தர். நீ எதுக்குப் போட்டுக் கிளறுத?"

"அவ இன்னும் சாமளாபுரத்துலதான் இருக்கா சார். பஸ் போகுது" என்றேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தேவன் மன்னிக்கிறவர் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என்னை மாதிரி ஒருத்தியை அவர் இத்தனை வருடம் தள்ளிவிடாமல் வைத்திருப்பதே அவருடைய அன்புக்கு அத்தாட்சி. ஆனால் அந்த அன்பை இப்படியா எடுத்து உபயோகிப்பது? சரஸ்வதியிடம் போக வெட்கப்பட்டு, அவள் வாசலைத் தாண்டி நேராகப் பரலோகத்துக்குப் போய் மன்னிப்பு கேட்பதற்குப் பெயர் மனந்திரும்புதலா? அடிபட்டவள் இங்கே இருக்க, அவளைக் கேட்காமலே கணக்கு தீர்ந்தது என்று சொல்ல நாம் யார்? அவளும் அதே தேவன் நேசிக்கிற பிள்ளைதானே. அவளை நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறாள் என்பதற்காக நம் சபைக்கணக்கில் சேர்க்காமல் விட்டோமா? வீடு வருகிற வரைக்கும் தானியேல் சாரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவராவது அரை வாக்கியம் சொன்னார். நான் அதுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை சாமளாபுரம் பஸ் ஏறினேன். விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள் சரஸ்வதி. காதோரம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் வேலையை நிறுத்திவிட்டு, பழக்கம் விடாமல், "வாங்க" என்றாள். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் அவள் வீட்டுக்குப் போனோம். நோட்டில் நடந்தது முழுவதையும் சொன்னேன். அந்த முனையை எடுத்து ஒட்டியது, நான் கையெழுத்துப் போட்டது, பதினோரு வருடம் படம் காட்டியது. என்னை மன்னித்துவிடு என்றேன்.

"படம் போட்டுக் காட்டுனீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "மன்னிக்கோணும்னுதானுங்க பாக்கறேன். வர மாட்டீங்குது. வேணும்னே சொல்லலீங்க."

நான் வேறென்ன செய்யட்டும் என்று கேட்டேன். எத்தனை பேருக்குச் சொன்னீர்களோ அத்தனை பேருக்கும் இதையும் சொல்லுங்கள் என்றாள். நியாயம்தானே.

கம்பெனிக்குப் போனேன். ஹெச்.ஆரில் இருக்கும் தம்பி காபி வாங்கிக் கொடுத்து மரியாதையாகப் பேசினார். அந்தப் படம் இன்னும் வகுப்பில் ஓடுகிறது. எடுத்துவிடுங்கள் என்றேன். அது வாங்கியவர்கள் ஒப்புதல் கொடுத்த ஆவணம் மேடம், மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று ஆடிட்டில் கேட்பார்கள், வேண்டுமானால் முகத்தை மங்கலாக்கிவிடலாம் என்றார். முகம் மட்டும் மங்குமாம், பெயர் அப்படியே இருக்குமாம். நானே வகுப்பில் வந்து சொல்கிறேன் என்றதற்கு, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்றார். இருபத்தெட்டு வருடம் கழித்து நான் வெளியாள் ஆகிவிட்டேன். எங்கள் ஐயரிடமும் போனேன், எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். தானியேல் சாரைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்றேன். பழையதைத் தோண்டினால் சபையின் சமாதானம் கெடும் என்றார். யாருடைய சமாதானம் என்று கேட்டேன். அவர் ஜெபிக்கலாமா என்றார். இதுவரை மூன்று திருவிருந்து ஆராதனைகள் வந்து போய்விட்டன. எல்லோரும் முன்னால் போக, நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

அந்த நேரத்தில்தான் மலருக்கு எழுதச் சொல்லி அந்தப் பெண்கள் வந்தார்கள். எழுதினேன். இவர்கள் போடாவிட்டால் வேறு யாராவது போடும் வரைக்கும் விட மாட்டேன். வகுப்பில் சொன்னது போலவே பெயர் போட்டுச் சொல்கிறேன்: சரஸ்வதி ஊசியை மறைக்கவில்லை. சட்டப்படி கையைத் தூக்கினாள். பொய் ஒட்டியது மேனேஜர், அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது எஸ்தராகிய நான்.

எழுதியதை யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் காட்ட வேண்டும் என்று போன வாரம் மறுபடி சாமளாபுரம் போனேன். என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். படித்தேன். ஓரிடத்தில், அன்றைய சூழ்நிலையால் அப்படி ஆகிவிட்டது என்று எழுதியிருந்தேன். "அத அடிச்சுருங்க" என்றாள். அடித்தேன். அதற்குள் அவள் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறியிலிருந்து வந்துவிட்டார். சோறு அப்புறம் ஆகட்டும், இந்தக்கா ஒன்று படிக்கிறது, உட்கார்ந்து கேளுங்கள் என்று அவரை உட்கார வைத்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தேன். லைன் நடுவில் அவளை நிற்க வைத்த இடம் வந்தபோது அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னுங்க உங்களுக்கு?" என்றார். குரலில் அவ்வளவு கோபம்.

சரஸ்வதி என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "அவிங்களக் கேக்கறீங்க மாமா. பதிமூணு வருசத்துல, நீ மறைச்சியா இல்லியான்னு என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அந்தக் கேள்வியையும் இதில் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.